வலது கன்னத்து வைத்தியம்

என் முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது மங்கு அல்ல, தேமல் அல்ல, மருவும் அல்ல. ஒரு கைப்பிடி கேழ்வரகை மூக்கின் மேல் வைத்து யாரோ வாயால் ஊதிவிட்டாற்போல, இரண்டு கன்னத்துக்கும் பரவிய பழுப்புப் புள்ளிகள். ஐந்தாறு வயதில் வந்து குடியேறியவை. அன்றிலிருந்து வாடகையும் இல்லை, காலி செய்கிற யோசனையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னைக் காடை முட்டை என்பார்கள். பாகூர் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்த புதிதில், முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க பாட்டனாரு எந்தத் தொரை வூட்ல வேலை செஞ்சாரு?" என்று கேட்டார். "தொரைதான் எங்க வூட்ல வேலை செஞ்சாரு" என்றேன். கன்னியக்கோயில் வரும்வரை அவர் பேசவே இல்லை.

முப்பது வருஷம் பஸ் ஓட்டி நான் சேர்த்த சொத்து ஒரு வீடும் இந்தப் புள்ளிகளும். புள்ளிகளை மட்டும் உயிரோடிருக்கும்போதே மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அதே மூக்கு, அதே கேழ்வரகு. பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு குடும்பம் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனதற்கு நானும் ஒரு காரணம். மூன்றாவதாக வந்த பையனுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தது. அவன் காபியும் குடித்தான், பெண்ணையும் கட்டினான். இப்போது இரண்டு பேரும் பாரிஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறார்கள். அதன் பெயரை நான் சொன்னால் மாப்பிள்ளை சிரிக்கிறார்.

எங்கள் வீட்டில் போன் என்பது விஷயத்துக்குத்தான். விஷயம் இல்லாமல் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மகளுடன் பேசுவதெல்லாம் என் மனைவி. நான் டிரைவர், பஸ்ஸில் என் தலைக்கு மேலேயே 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருக்கும். அதைப் பயணிகள் யாரும் மதித்ததில்லை. என் மகள் மதித்தாள். ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடைசியில், "இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று போன் என்னிடம் வரும். நான் நல்லாருக்கியா என்பேன். அவள் நல்லாருக்கேன் என்பாள். போன் திரும்பிப் போய்விடும். வீட்டுக்குக் கண்டக்டர் என் மனைவி. டிக்கெட், சில்லறை, சண்டை எல்லாம் அவள் பாடு.

போன ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மகள் வந்தாள். காரியம் முடிந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். போகும்போது, "ஞாயித்துக்கெழமை கூப்படறேன்பா" என்றாள். சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டாள்.

"நல்லாருக்கியாப்பா?"

"நல்லாருக்கேன். நீ?"

"நல்லாருக்கேன். சாப்டியா?"

"சாப்ட்டேன். மாப்ள?"

"நல்லாருக்காரு."

அப்புறம் ஓர் அமைதி. அந்த அமைதியில் அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது எனக்குக் கேட்கும். என் வீட்டு மின்விசிறி கிறீச்சிடுவது அவளுக்குக் கேட்டிருக்கும். "சரிப்பா." "சரிமா." போனில் நேரம் காட்டுமே, நாற்பது வினாடி, நாற்பத்திரண்டு வினாடி. ஒரு கிழவிக்கு டிக்கெட் கொடுத்துச் சில்லறை கொடுக்கக்கூட அதைவிட நேரமாகும். அந்த நாற்பது வினாடிக்காக ஞாயிறு காலையிலேயே நான் முகச்சவரம் செய்துகொள்வேன். வீடியோ கால் கூட இல்லை அது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சித்திரை பிறந்து இரண்டாவது ஞாயிறு. எல்லாம் வழக்கம்போல நடந்து, 'சரிப்பா' வரவேண்டிய இடத்தில், அவள் வேறு ஒன்று சொன்னாள்.

"அப்பா, ஸ்கூல் படிக்கறப்ப அம்மா எனக்கு மூஞ்சில பூசுவாளே, புள்ளி கொறையறதுக்கு. அது இன்னாப்பா?"

அங்கே பனிக்காலம் முழுக்கப் புள்ளிகள் மங்கிப்போய் இருந்தனவாம். இப்போது வெயில் வந்ததும் மூக்கின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டனவாம். மாமியார் ஒரு மாதிரி பார்க்கிறாராம்.

எனக்குத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் விடியற்காலை முதல் நடைக்கு நான் ஸ்டாண்டில் இருப்பேன். வீட்டில் யார் யாருக்கு என்ன பூசினார்கள் என்று கண்டேனா? தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த சொல் 'சரிப்பா'.

"தெரியுமே" என்றேன். "எழுதி வெச்சிருக்கா. இரு, பாக்கறேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். மேல் தட்டில் என் மனைவி வைத்த டப்பாக்கள் அப்படியே இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. அவளுக்குத் தெரியும், பெயர் எதற்கு? ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். மூன்றாவது டப்பாவில் பச்சை வாசனை அடித்தது.

"பாசிப்பயறு மாவு. தயிர்ல கொழைச்சு, கால் மணி நேரம்" என்றேன். கால் மணி நேரம் என்பதை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

"எந்த தயிரு? புளிச்சதா?"

"லேசா புளிச்சது."

"மஞ்சள் போடணுமா?"

இப்படியே கேட்டுக்கொண்டு போனாள். நானும் பதில் சொல்லிக்கொண்டு போனேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், பதினொன்றரை நிமிஷம். என் வாழ்நாளில் என் மகளோடு ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு அவள் சொன்னாள்: "பூசினேன்பா. புள்ளி அப்படியேதான் இருக்குது. ஆனா அம்மா வாசனை வந்துது."

அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். "அது மொதல் வாரத்துக்கு" என்றேன். "ரெண்டாவது வாரத்துக்கு வேற எழுதிருக்கா."

அன்றிலிருந்து நான் வைத்தியன். ஆனால் பெற்ற மகள் முகமாயிற்றே, கண்டதைச் சொல்ல முடியுமா? ஆகவே முதலில் என் முகத்தில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குச் சொல்வது என்று ஒரு நேர்மை வைத்துக்கொண்டேன். பொய்க்குள்ளே ஒரு நேர்மை. வலது கன்னத்தில்தான் புள்ளி அதிகம், அதனால் அதில் பூசுவது. இடது கன்னத்தைச் சும்மா விட்டு, இரண்டையும் ஒப்பிடுவது. திங்கட்கிழமை பூச்சு, சனிக்கிழமை பரிசோதனை, ஞாயிற்றுக்கிழமை அறிக்கை. உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு வாரம். பழுத்த பப்பாளி ஒரு வாரம், எறும்பு வந்தது. புளித்த மோர் ஒரு வாரம், நாய் வந்தது. ஆவாரம்பூ அங்கே கிடைக்காது என்று தெரிந்தே சொன்னேன். கிடைக்கவில்லை என்று சொல்ல ஒரு முறை கூப்பிடுவாள், பதிலுக்கு என்ன என்று கேட்க இன்னொரு முறை. ஒரு பூவில் இரண்டு போன். எல்லாவற்றையும் 'உங்கம்மா எழுதி வெச்சிருக்கா' என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். என் மனைவி கையெழுத்துப் போடுவதற்கே பேனாவைத் தேடுகிறவள்.

மணப்பட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாதான் இதற்கெல்லாம் சாட்சி. ஸ்கூட்டியில் பின்னால் அலுமினிய அன்னக்கூடையைக் கட்டிக்கொண்டு பத்து மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். ஒரு நாளைக்கு என்னோடு நேரில் பேசுகிற ஆள் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். உருளைக்கிழங்கு வாரத்தில் நான் அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

"இன்னா ணா, ஒரு பக்கம் கஞ்சி கொட்டிக்கினியா?"

"வைத்தியம்மா. புள்ளி போறதுக்கு."

"இந்த வயசுலயா?" மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "பொண்ணு கிண்ணு பாக்கறியா ணா?"

"பாத்தா நீ சொல்லி வெப்பியா?"

"ஒரு பக்கம் மட்டும் பூசிக்கினா எவ ணா ஒத்துப்பா? போட்டோல ஒரு பக்கமா நிப்பியா?" என்று சிரித்தார். பிறகு கூடையைப் பார்த்தபடியே, "எல்லாம் போனாதான் இன்னா ணா, யாரு பாக்கறதுக்கு?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். இரண்டு மீனைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து கண்ணாடியில் பார்த்தேன். உருளைக்கிழங்கு காய்ந்து வெடித்திருந்தது.

வைகாசி முடிவதற்குள் என் சரக்குத் தீர்ந்துவிட்டது. அந்த ஞாயிறு மூன்றரை மணிக்கு, அவளுக்கு அங்கே பன்னிரண்டு, போன் அடித்தது. என்னிடம் பரிசோதித்து வைத்த வைத்தியம் எதுவும் இல்லை. எதிரே தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

"எலுமிச்சம்பழச் சாறு. தேன் கலந்து பூசிட்டு அப்படியே வுட்டுடணும். கழுவக் கூடாது."

"எரியாதாப்பா?"

"எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். எழுதிருக்கா."

"சரி. வர்ற சனிக்கெழமை கடலுக்குப் போறோம், ஒரு வாரம். அதுக்குள்ள பூசிப் பாக்கறேன். அங்க எல்லாரும் மூஞ்சியவே பாப்பாங்க."

பதினாறு நிமிஷம் பேசினோம். கடல் எப்படி இருக்கும், மணல் உண்டா, கல்லா, மீன் வாங்குவார்களா என்றெல்லாம் கேட்டேன். நானே அசந்துபோகும்படி பேசினேன்.

திங்கட்கிழமை நானும் எலுமிச்சையைப் பிழிந்து வலது கன்னத்தில் பூசினேன். சோரியாங்குப்பத்தில் ஒரு காதுகுத்து இருந்தது. கழுவக் கூடாது என்று சொன்ன வைத்தியன் கழுவலாமா? அப்படியே பைக்கில் போனேன், வந்தேன். உச்சி வெயில். செவ்வாய்க்கிழமை கன்னம் சிவந்தது. புதன்கிழமை காலை கொப்புளம். சாறு வழிந்த பாதை அப்படியே தாடையைத் தாண்டிக் கழுத்துவரை கறுப்புக் கோடாகத் தெரிந்தது. என் விரல் தடம் மூன்றும் கன்னத்தில் தனித்தனியாக விழுந்திருந்தது. என்னை நானே அறைந்துகொண்டாற்போல.

மீன்காரம்மா அன்று சிரிக்கவில்லை. "ணா, மூலக்கொளத்துல தோல் டாக்டரு இருக்காங்களாம். மொதல்ல போ. மீன நான் ஐஸ்ல வெக்கறேன்."

போனேன். டாக்டர் என் மகள் வயதுப் பெண். முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா டிரைவரா?"

"எப்பிடிமா தெரிஞ்சுது?"

"வலது பக்கம் புள்ளி அதிகம். ஜன்னல் பக்கம். வருஷக்கணக்கா வெயில் பட்டிருக்கு." பிறகு கொப்புளத்தைக் காட்டி, "இதுக்கு இன்னா போட்டீங்க?" என்றார்.

சொன்னேன். பாசிப்பயறிலிருந்து எலுமிச்சை வரை எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்துவிடுமாம். இந்தப் புள்ளி பரம்பரையாக வருவதாம், வியாதி இல்லையாம். வெயில் பட்டால் தெரியும், வெயில் குறைந்தால் மங்கும், அவ்வளவுதானாம். சன்ஸ்கிரீன், தொப்பி, நிழல். அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்றார். "அதுவும் போகணும்னு அவசியம் இல்லீங்கய்யா. இருந்துட்டுப் போகட்டுமே. ஏதாவது ஒண்ணு திடீர்னு பெருசானா, நெறம் மாறினா மட்டும் வந்து காட்டுங்க."

இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். நான் ஏழு வாரம் இழுத்த கதையை.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வில்லியனூர் ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போயின. ஒரு வளையல் கடை நிழலில் நின்று போனை எடுத்தேன். பன்னிரண்டு மணி. அங்கே எட்டரை, வேலைக்குப் போகிற ரயிலில் இருப்பாள். எலுமிச்சை பூசாதே என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதையெல்லாம் சொல்லவேண்டியதில்லை என்று ஒரு மனசு சொன்னது. எலுமிச்சையை மட்டும் மாற்றி எழுதிவிடலாம். வெள்ளரிக்காய் இன்னும் பாக்கி இருக்கிறது. நல்ல யோசனைதான். கூச்சமாக இருக்கிறது சொல்ல, அந்த நிழலில் ஐந்து நிமிஷம் அந்த யோசனையோடுதான் நின்றேன்.

கடைசியில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா? இன்னா ஆச்சு?"

அந்தக் குரலைக் கேட்டதும்தான் நினைவு வந்தது. வாரநாளில் நான் அவளைக் கடைசியாகக் கூப்பிட்டது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து.

"ஒண்ணும் இல்லமா, நல்லாருக்கேன். எலுமிச்சம்பழம் பூசினியா?"

"இல்ல, இன்னிக்கு சாயங்காலம் பூசலாம்னு. ஏன்?"

"பூசாத. பூசிட்டு வெயில்ல போனா வெந்துடும். எனக்கு வெந்துடுச்சு."

"உனக்கா? நீ எதுக்குப்பா பூசின?"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. உங்கம்மா எதுவும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் நானாகச் சொன்னது, என் கன்னத்தில் பூசிப் பார்த்துச் சொன்னது, டாக்டர் சன்ஸ்கிரீன் போதும் என்கிறார், அது உங்கள் ஊரிலேயே கிடைக்கும் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். வளையல் கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

ரயில் சத்தத்துக்கு மேலாகக் கேட்டாள்.

"பாசிப்பயறும் பொய்யா?"

"தெரியலமா. டப்பால இருந்துது. மோந்து பாத்தேன். அவ பூசினது அதுதானான்னு எனக்குத் தெரியாது."

"ஏம்பா இப்பிடி பண்ண?"

சொல்லியிருக்கலாம். நீ நாற்பது வினாடியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் என்று ஒரு வரி. வாய் வரவில்லை. "சும்மா, தமாசுக்கு" என்றேன். எல்லாவற்றிலும் பெரிய பொய் அதுதான்.

"சரிப்பா. கொப்புளத்துக்கு ஒழுங்கா மருந்து போடு. எறங்கணும் நான்."

அந்த ஞாயிறு அவள் கடலில் இருந்தாள்; போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தது. நல்லாருக்கியா, நல்லாருக்கேன், கன்னம் எப்படி, தோல் உரியுது, சரிப்பா, சரிமா. நாற்பத்தாறு வினாடி. அதில் ஆறு வினாடி என் கன்னத்துக்கு. அதற்கடுத்த வாரம் கன்னம் ஆறிவிட்டது. அந்த ஆறும் போயிற்று.

கோபமாக இருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தால் திட்டியிருப்பாள், அவள் அம்மாவைப்போல. இது கோபமில்லை. எங்களுக்கு விஷயம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். டாக்டர் புதிதாக ஒரு களிம்பு கொடுத்தார் என்று ஆரம்பித்தால் நான்கு வாரம் ஓடும். ஒரு ஞாயிறு அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, கையில் ஒரு விஷயமும் இல்லாமல், அவளைக் கூப்பிட்டேன்.

"அப்பா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"உடம்பு?"

"நல்லாருக்கு."

"மறுபடியும் எதனா பூசிக்கினியா?"

"இல்ல. சும்மாதான் கூப்ட்டேன்."

"சும்மாவா?" குரலைத் தாழ்த்தினாள். "குடிச்சிருக்கியாப்பா?"

"மோரு குடிச்சேன்."

மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. வந்ததா, ரயில் சத்தமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "சரி, பேசு. நான் எறங்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றாள்.

பத்து நிமிஷம் கொடுத்தால் பஸ்ஸை எந்த நெரிசலிலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். பேச்சைக் கொண்டுபோகத் தெரியவில்லை. கண்ணில் பட்டது அடுப்படி. அதனால் அன்று மீன்காரம்மா சங்கரா கொண்டுவந்ததைச் சொன்னேன். ஒத்தை ஆளுக்கு ரெண்டு போதும் என்று நான் சொன்னதையும், ரெண்டு போட்டால் குழம்புக்கே கூச்சமாக இருக்கும் என்று சொல்லி அவர் நான்கு போட்டதையும் சொன்னேன். புளியை எவ்வளவு கரைப்பது என்று தெரியாமல் ஒரு பெரிய உருண்டையைப் போட்டுவிட்டேன் என்றேன். அதைச் சரிக்கட்ட வெல்லம் போட்டேன், அதைச் சரிக்கட்ட மிளகாய்த்தூள் போட்டேன், இப்போது சட்டியில் இருப்பது என்ன என்று மீனுக்கே தெரியாது என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். இந்த இடத்தில் அவள் சிரிக்க வேண்டும் என்று கொஞ்சம் நிறுத்தினேன்.

சத்தம் இல்லை. ரயில் சத்தமும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், எப்போதோ கட்டாகியிருந்தது. ரயில் பூமிக்கடியில் போகும்போது அங்கே டவர் கிடைக்காது என்று அவளே முன்பு அம்மாவிடம் சொன்னதுண்டு. மீன்காரம்மா வரைக்கும் கேட்டிருப்பாளா, புளி வரைக்கும் வந்திருப்பாளா என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் அடுப்படிச் சுவரிடம் சமையல் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதும் தெரியவில்லை.

இறங்கியதும் கூப்பிடுவாள் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். சொன்னது பொய்யில்லை, அவ்வளவு புளிப்பு. நான்கு மீனில் இரண்டைத் தின்றேன். மீதி இரண்டை மூடி வைத்தேன்.